பிந்தி வந்த பொறி

யாராவது என்னைப் பார்த்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சட்டென்று பதில் வராது. மலாக்காவில் அது வணக்கம் சொல்வதைப் போன்றது. மலாய்க்காரர் கேட்பார், சீனர் கேட்பார், பசாரில் மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியை நிறுத்தாமல் கேட்பார். பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நான் மட்டும் கேட்டவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் "ஆச்சு" என்பேன். இந்தப் பழக்கம் எனக்கு ஒருவரால் வந்தது.

காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட கொட்டகையில் அவர் கார் பட்டறை வைத்திருந்தார். எனக்குக் கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டினார். அவர் பட்டறைக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் அண்ணன்தான். நாற்பதைத் தாண்டியிருப்பார். தனி ஆள். நெற்றியில் எப்போதும் கொஞ்சம் விபூதியும் அதன்மேல் கொஞ்சம் கிரீஸும் இருக்கும்.

அவருக்கு எதையும் சட்டென்று செய்ய வராது. சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. பொழுது விடிந்தால் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். எதற்கும் வலிக்கக் கூடாது என்று நினைப்பார், அவ்வளவுதான். காரின் முன்மூடியை எல்லாரும் மேலேயிருந்து விட்டு அறைந்து மூடுவார்கள். இவர் இரண்டு கையாலும் தாங்கி இறக்கி, கடைசியில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுவது போல இருக்கும். துருப்பிடித்த திருகாணியைக்கூட எண்ணெய் விட்டு ஒரு பகல் ஊற வைத்துவிட்டுத்தான் கழற்றுவார். "அதுக்கும் கொஞ்சம் டைம் கொடுக்கணும்மா" என்பார்.

மனிதர்களுக்கும் அப்படித்தான் செய்வார். ஒரு நாள் என் வீட்டுக்காரர் காலில் முள் ஏறிவிட்டது. ஊசி எடுத்துக்கொண்டு வந்த அண்ணன் காலைப் பார்த்ததும் ஊசியை வைத்துவிட்டார். "இப்ப கீறினா துடிப்பான். எண்ணெய் போட்டு வைம்மா, தானா மேல வந்துரும்" என்றார். முள் மேலே வரவில்லை. கால் வீங்கிச் சீழ் வைத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் கீறித்தான் எடுத்தார்கள். அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் போய் யார் திட்டுவது?

கெட்ட செய்தியை அவர் ஒருபோதும் நேராகச் சொன்னதில்லை. முதலில் சாப்பாட்டைக் கேட்பார். சாப்பிடவில்லை என்றால், "மொதல்ல சாப்பிடு" என்று போய்விடுவார். சாப்பிட்டாச்சு என்றால், கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேறு எதையாவது பேசுவார். வெறும் வயிற்றில் யாருக்கும் துக்கம் இறங்கக் கூடாது என்பது அவர் எண்ணம். பட்டறை தெருமுனையில் இருந்ததால் வெளியூர் லோரிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் தகவல்களை அவரிடம்தான் விட்டுப் போவார்கள். அதனால் தெருவில் நல்லதும் கெட்டதும் அவர் வாயால் வந்தன. நல்லதைத் தூரத்திலிருந்தே கத்திச் சொல்லிவிடுவார்.

எதிர்வீட்டில் ஒரு செட்டி அம்மாள் இருந்தார். மலாக்காச் செட்டிகள் பெயரில் தமிழர்கள், கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவது மலாய். அந்த அம்மாளுக்குத் தமிழ் நாலு வார்த்தைதான் தெரியும். ஆனால் அண்ணனின் கேள்வி நன்றாகத் தெரியும். அவர் தெருவில் இறங்கி வருவதைக் கண்டாலே வாசலில் இருந்து கையை ஆட்டுவார். "ஜாங்ஙான் தாஞா மாக்கான், அபாங்" என்பார். சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்காதே அண்ணா என்று அர்த்தம். தெருவே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

என் அம்மா செங் என்கிற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தார். ஒரு நாள் காலையில் தோட்டத்து லோரிக்காரர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வரச் சொல் என்று பட்டறையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது உண்டாகியிருந்தேன். எதைச் சாப்பிட்டாலும் நிற்காது. அன்றைக்கு அதிசயமாகக் கொஞ்சம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "குடி குடி" என்று திரும்பிப் போய்விட்டார். மறுபடி அவர் வந்தது பொழுது சாயும்போது.

"சாப்பிட்டியாம்மா?"

அதற்குப் பிறகுதான் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. மத்தியானம் வரைக்கும் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து லயத்துப் பெண்கள் சொன்னார்கள். அந்தப் பிள்ளையும் எனக்குத் தங்கவில்லை.

அப்போதும் நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு யாரிடமும் எதையும் சொல்ல வராது. அவரும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அதற்கு அடுத்த வருஷம்தான் இஞ்சின் விஷயம். மெர்டேக்கா வரப்போகிறது, நாட்டுக்குச் சுதந்திரம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். என் வீட்டுக்காரரின் டாக்சி பழைய இங்கிலீஷ் கார். இஞ்சின் தேய்ந்து, நீலப் புகை விட்டுக்கொண்டு, ஏற்றத்தில் ஆளை இறக்கிவிட்டுத்தான் ஏறும். கார் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று பெர்மிட் ஆபீசில் ஒரு தேதி கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வண்டி தேறாவிட்டால் பெர்மிட் வேறு ஆளுக்குப் போய்விடும். வரிசையில் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். பெர்மிட் போனால் மறுபடி வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற காரியம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது.

அண்ணன் இஞ்சினை முழுவதுமாக இறக்கினார். பிஸ்டன் வளையங்கள், பேரிங்குகள், வால்வுகள் எல்லாம் புதிது. ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வேட்டித் துணி விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தார். வால்வுகளை உட்கார வைக்கத் தேய்த்த சத்தம் பகலெல்லாம் எங்கள் அடுப்படிக்குக் கேட்டது. தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, இஞ்சினைக் கிளப்பினார்கள். முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் காலால் பெட்ரோலை மிதிக்கப் போனார்.

"டேய் தம்பி, மிதிக்காதடா. பச்சப் புள்ள மாதிரி இருக்கு. நின்ன எடத்துலயே ஓடட்டும், பழகட்டும்."

அது அவர் வழக்கம். புது இஞ்சினை ரோட்டில் விடமாட்டார். கொட்டகையிலேயே மெதுவாக ஓட வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அன்றைக்கும் உட்கார்ந்தார். கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள் பெயின்ட் கருகுகிற வாடை வந்தது. இஞ்சினில் இருந்து புகை வெளியேறும் குழாய்மேல் அவர் பூசியிருந்த வெள்ளிப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. சாயங்காலம் கொட்டகை இருண்டதும் பார்த்தோம். குழாய் சிவந்திருந்தது. அடுப்பில் போட்ட இரும்பைப் போல, உள்ளுக்குள்ளிருந்து சிவப்பு.

"என்னாண்ணே இது?"

"புதுசுல, சூடு காட்டத்தான் செய்யும். சரியாயிரும் தம்பி."

சரியாகவில்லை. மறுநாள் ரேடியேட்டரைப் பார்த்தார். தண்ணீர் கொதிக்கவில்லை. இஞ்சின் சூடில்லை, குழாய் மட்டும்தான் சூடு. பெட்ரோல் போதாமல் எரிகிறதோ என்று கார்புரேட்டரைத் திறந்து, ஊதி, பெட்ரோலைக் கூட்டி வைத்தார். கறுப்புப் புகை வந்ததே தவிர சிவப்பு போகவில்லை. எங்காவது காற்று உள்ளே இழுக்கிறதா என்று இணைப்புகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் மாறவில்லை. சைலன்சர் அடைத்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதைக் கழற்றிவிட்டு ஓட விட்டார். தெரு கிடுகிடுத்தது. செட்டி அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"வண்டிக்குக் கோபம்" என்றார் தமிழில்.

"கோபம் இல்லம்மா, காய்ச்சல்" என்றார் அண்ணன்.

அப்போதெல்லாம் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே கொட்டகைப் பக்கம் காதை வைத்திருப்பார். "எல்லாத்தையும் பாத்துட்டாருடி. இன்னும் பாக்காத எடம் எதுன்னு எனக்குத் தெரியல" என்றார் ஒரு நாள். வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமா என்று கேட்க என் நாக்கு நுனி வரை வந்தது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார். அண்ணன் மனசு வலிக்கும் என்றிருப்பார்.

ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கொட்டகையில் அண்ணன் தனியாக, ஓடுகிற இஞ்சின் முன்னால் வெகுநேரம் சும்மா நின்றார். பிறகு வயர்கள் எல்லாம் போய்ச் சேருகிற கறுப்பு மூடி இருக்கிறதே, அதன் கழுத்தைப் பிடித்து லேசாகத் திருப்பினார். இஞ்சின் சத்தம் மாறியது. இவ்வளவு நாள் முனகிக்கொண்டிருந்தது தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழாயின் சிவப்பு மங்கிக் கறுப்பானது.

நான் வேலியண்டை ஓடினேன். "போயிருச்சாண்ணே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த சினிமா நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். குந்தி உட்கார்ந்து, புகை வருகிற வாயின் முன்னால் அந்தக் காகிதத்தைப் பிடித்தார். காகிதம் வெளிப்பக்கமாகப் படபடத்தது. திடீரென்று ஒரு முறை உள்பக்கமாகப் போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டது. மறுபடி படபடத்தது. மறுபடி ஒட்டியது. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். அவர் அப்படியே குந்தியிருந்தார்.

பிறகு எழுந்து வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். "செவப்பு போயிருச்சும்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியா?" என்றார்.

சந்தோஷத்தில் எனக்கு அந்தக் கேள்வி உறைக்கவில்லை. "இன்னும் இல்லண்ணே. அவரு வந்ததும் சாப்பிடுறேன். அவருகிட்ட நீங்களே சொல்லுங்க, துள்ளிக் குதிப்பாரு" என்றேன்.

என் வீட்டுக்காரர் துள்ளத்தான் செய்தார். கோப்பிக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கோப்பி வாங்கிக் கொடுத்தார். காரைக் கழுவி மெழுகு போட்டார். மெர்டேக்கா அன்றைக்குக் கொடி கட்டிக்கொண்டு கடற்கரை வரை ஓட்டப் போவதாகச் சொன்னார். "உன்னயும் ஏத்திக்கிறேன், பின் சீட்டுல தொரைசானி மாதிரி உக்காந்துக்க" என்றார். அம்மா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அண்ணன் கொட்டகையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று தடவை வாசல் வரை வந்தார். ஒவ்வொரு தடவையும், "சாப்பிட்டாச்சா?" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் போய்விடுவார். நாலைந்து நாள் அப்படியே ஓடின.

பரிசோதனை அன்றைக்கு ஆபீசர் தானே ஏறி ஓட்டினார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சமதரையில் சரியாகத்தான் போயிருக்கிறது. பெரிங்கிட் ஏற்றத்தில் திணற ஆரம்பித்து, பின்னால் பட் பட் என்று வெடித்து, பாதி வழியில் நின்றுபோனது. இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். ஆபீசர் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தே போய்விட்டாராம்.

இன்னொரு டாக்சி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டது. என் வீட்டுக்காரர் இறங்கவில்லை. அண்ணன் கதவண்டை போய் நின்றார்.

"சாப்பிட்டியா தம்பி?"

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் இருந்து தலையைத் தூக்கினார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. "சொல்லுண்ணே" என்றார்.

அண்ணன் சொன்னார். பெட்ரோலுக்கு நெருப்பு வைக்கிற பொறி, பிஸ்டன்மேல் அடி சரியாக விழுகிற நேரத்தில் விழ வேண்டும். அவர் புது இஞ்சின் எதற்கும் அதைக் கொஞ்சம் பிந்தி விழ வைப்பார். அடி மெதுவாக விழும், இஞ்சின் நோகாது என்று. கொஞ்சம் பிந்தினால் தெரியாது.

"ஒன் வண்டிங்கிறதால இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சேன் தம்பி. நோகக் கூடாதுன்னு. பொறி அவ்வளவு பிந்திட்டா உள்ள எரிய வேண்டியது எரிஞ்சு முடியாது. எரிஞ்சுகிட்டே வெளிய வரும். அதான் குழாய் செவந்துச்சு. அந்த நெருப்பு வால்வு வழியாத்தான் வரணும். வால்வு கருகிப்போச்சு."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

அண்ணன் கதவுப் பிடியைத் துணியால் துடைத்தார்.

"எப்பத் தெரியும்ணே?"

"அந்தக் கறுப்பு மூடியத் திருப்பிப் பொறியச் சரி பண்ணுன அன்னிக்கே தெரியும். காயிதத்தை உள்ள இழுத்துச்சு. வால்வு மூடல." குரல் இறங்கிப்போயிற்று. "நீ அவ்வளவு சந்தோசமா இருந்த. பரிச்சை முடியட்டும், அப்பறம் இஞ்சின் தலையக் கழட்டி வால்வ நானே மாத்திரலாம்னு இருந்தேன். தாங்கும்னு நெனச்சேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"ரெண்டு நாள் வேல தம்பி."

என் வீட்டுக்காரர் அவரை அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. இறங்கி, முன்மூடியை அவரைப் போலவே மெதுவாக இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி மூடிவிட்டு வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் எப்படிக் கொட்டகைக்குப் போனேன் என்று தெரியாது. ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் போய்க் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, இனிமே எதுவா இருந்தாலும் ஒடனே சொல்லிருங்க. சாப்பாட்டக் கேக்காதீங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் செஞ்சீங்க. நாங்க பட்டினியா இருந்தாலும் பரவால்ல, ஒடனே சொல்லிருங்க."

அவர் தலையை ஆட்டினார். "சரிம்மா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் உடம்பே குறுகிப்போன மாதிரி இருந்தது.

அதன் பிறகு அவர் வால்வுகளை மாற்றிக் கொடுத்தார். கார் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. ஓடி என்ன, பெர்மிட் வேறு ஆளுக்குப் போய்விட்டது, டாக்சிப் பலகை இல்லை. யாரோ ஒரு கடைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். மெர்டேக்கா அன்றைக்குத் தெருவில் எல்லாரும் கடற்கரைத் திடலுக்குப் போனார்கள். நாங்கள் போகவில்லை. வாணவெடிச் சத்தத்தை வீட்டுக்குள் இருந்து கேட்டோம். அந்த மாதமே என் வீட்டுக்காரர் பகாங் பக்கம் மரக்கட்டை லோரி ஓட்டப் போனார். மாதம் ஒரு தடவை வருவார். காட்டுப் பாதை, செம்மண், மழை பெய்தால் சறுக்கும் என்பார். வேறு பேச மாட்டார். வந்தால் அண்ணனிடம் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்த இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அண்ணனிடம் பேசுவதை விட்டிருந்தேன். அவரும் தெருவில் யாரையும் சாப்பாடு கேட்பதை விட்டிருந்தார். செட்டி அம்மாள்கூடக் கேலியை நிறுத்திவிட்டார்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பின்வாசலில் நிழல் தெரிந்தது. அண்ணன். எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் மண்ணெண்ணெயில் கையைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவார். அன்றைக்குக் கை முழங்கை வரை கறுப்பாக இருந்தது. அவருக்குப் பின்னால் தெருவில், சேறு அப்பிய ஜீப் பக்கத்தில் தெரியாத ஆள் ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். நான் இன்னும் ஒரு வாய்கூட எடுக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எப்போதும் கேட்கிற கேள்விக்காக அவர் உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது.

"லோரி கவுந்துருச்சும்மா. தம்பி போயிட்டான்."

எனக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். கொஞ்சம்கூடப் பிந்தவில்லை.

அதற்குப் பிறகு அவர் பட்டறையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். உஜோங் பாசிரில் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். நான் தேடவில்லை. ஆனால் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு ஒரு தடவை அவர் கேட்டிருக்கலாம். ஆச்சு என்று பொய் சொல்லியிருப்பேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து மழையைப் பற்றி ஏதாவது பேசியிருப்பார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருப்பார்.